செம்பில் வெட்டிய தடம்: டி.எம்.எம். இசைத்தட்டுகள் மீதான நாற்பதாண்டு வழக்கு

1980களில் ஐரோப்பாவில் வெளியான எல்.பி. இசைத்தட்டுகள் பலவற்றின் உறையில் டி.எம்.எம். என்ற மூன்றெழுத்துச் சின்னம் அச்சிடப்பட்டிருக்கும். ‘டைரக்ட் மெட்டல் மாஸ்டரிங்’, அதாவது இசைத் தடத்தை நேரடியாக உலோகத்தில் வெட்டும் முறை என்பதன் சுருக்கம் அது. பழைய தட்டுகளைத் தேடி வாங்குவோரிடையே இந்தச் சின்னத்தைப் பார்த்ததும் தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. இதைப் பார்த்தே வாங்குகிறவர்களும் உண்டு. முதல் கூட்டத்தின் எண்ணிக்கையே அதிகம் என்பது என் கணிப்பு. “டி.எம்.எம். தட்டின் ஒலி கூர்மையானது, மெலிந்தது, காதைக் களைப்பாக்கும்” என்ற தீர்ப்பு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு அப்படியே கைமாறி வந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பகுதி தவறான குற்றவாளியின் மேல் எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதை, எதிர்த்தரப்பின் நியாயங்களையும் மறைக்காமல், இங்கே சொல்ல முயல்கிறேன்.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள, ஓர் எல்.பி. எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மரபான முறையில், அலுமினியத் தகட்டின் மீது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற மென்பூச்சு பூசப்பட்ட 14 அங்குல வட்டு ஒன்று வெட்டும் இயந்திரத்தில், அதாவது லேத்தில், சுழல்கிறது. நீலக்கல் அல்லது மாணிக்கக்கல் ஊசி, மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றால் சூடேற்றப்பட்ட நிலையில், அந்த லாக்கரில் இசையின் தடத்தை வெட்டிச் செல்கிறது. உரிந்து வரும் நூல் போன்ற கழிவை ஓர் உறிஞ்சுகுழல் இழுத்துக்கொள்கிறது. வெட்டி முடித்த லாக்கர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதன் மேல் வெள்ளி தெளிக்கப்படுகிறது. பிறகு நிக்கல் முலாம் ஏற்றப்படுகிறது. அந்த நிக்கல் படலத்தைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது ‘ஃபாதர்’ எனப்படும் எதிர்ப்படிவம். அதிலிருந்து ‘மதர்’ எனப்படும் நேர்ப்படிவமும், மதரிலிருந்து, வினைல் நெகிழியை அழுத்தித் தட்டாக்கும் அச்சான ஸ்டாம்பரும் எடுக்கப்படுகின்றன. லாக்கரில் தொடங்கி நம் கைக்கு வரும் தட்டு வரை நான்கு முறை அந்தத் தடம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்தெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஏதாவது ஒன்று சேரவோ தொலையவோ இடமுண்டு.

லாக்கருக்கு ஓர் இயல்பு இருக்கிறது. அது மென்மையானது, சற்றே மீள்தன்மை கொண்டது. ஊசி கடந்து சென்ற பின்பும் தடத்தின் சுவர்கள் தம் பழைய இடத்துக்குத் திரும்ப முயல்கின்றன. இதனால் மிக நுண்ணிய வளைவுகள், அதாவது உச்ச அதிர்வெண்கள், சற்று மழுங்குகின்றன. வெட்டிய லாக்கரை விரைவாக முலாம் ஏற்றும் கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வெட்டுவோர் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். இன்னொரு விளைவு, முன்னெதிரொலி. உரத்த ஒலியின் தடம் தனக்கு அடுத்துள்ள அமைதியான தடத்தின் சுவரைச் சிறிது தள்ளிவிடுகிறது; 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும் என்பதால், பாடல் தொடங்குவதற்கு அதே 1.8 விநாடி முன்பாக அதன் மங்கலான நிழல் கேட்கிறது. காந்த நாடாவிலேயே அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று பதிவதாலும் இதே போன்ற எதிரொலி வரும்; ஆகவே கேட்கும் முன்னெதிரொலி அனைத்துக்கும் லாக்கரையே பொறுப்பாக்க முடியாது. ஆனால் அந்த 1.8 விநாடிக் கணக்கு சரியாகப் பொருந்தினால், தவறு தட்டில்தான் நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தக் குறைகளை நீக்க முன்வந்தது ஜெர்மனியின் டெல்டெக் நிறுவனம். டெலிஃபுங்கன், டெக்கா ஆகிய இரு நிறுவனங்களின் பெயர்களைச் சேர்த்து 1950இல் பிறந்தது அது. இசைக்கு அப்பால் இன்னொரு துறையிலும் அதற்கு அனுபவம் இருந்தது. டெல்டெக்கும் தாய் நிறுவனங்களும் சேர்ந்து, படத்தையும் ஒலியையும் தடமாக வெட்டிப் பதிக்கும் டெட் என்ற வீடியோ தட்டை உருவாக்கி, 1970இல் பெர்லினில் செய்துகாட்டின. 1975இல் அது விற்பனைக்கும் வந்தது. நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் மெல்லிய நெகிழிப் படலம் அது; ஒரு தட்டில் பத்து நிமிடப் படம்தான் அடங்கும். சந்தையில் அது நிலைக்கவில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையான தடங்களைத் துல்லியமாக வெட்டுவது எப்படி என்ற அறிவு அந்தப் பொறியாளர்களிடம் தங்கிவிட்டது. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனமும் தன் வீடியோ தட்டுக்கான மூலப்படிவத்தைச் செம்பிலேயே வெட்டிப் பார்த்தது. ஆகவே உலோகத்தில் வெட்டலாம் என்ற எண்ணம் படத்தட்டுக் காலத்திலேயே முளைத்துவிட்டது. அதை இசைத்தட்டுக்குக் கொண்டுவந்ததே டெல்டெக்கின் சாதனை. இயந்திரத்தைக் கட்டிக்கொடுத்தது பெர்லினின் நாய்மன் நிறுவனம். உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதன் மைக்ரோஃபோன்களைக் காண்பவர்களுக்கு, அதே நிறுவனம் வெட்டும் லேத்துகளிலும் தலைசிறந்து விளங்கியது என்பது தெரியாமல் இருக்கலாம். 1980இல் வந்த அதன் வி.எம்.எஸ். 80 லேத்தைச் செம்புக்கு ஏற்றவாறு மாற்றியமைத்த வடிவமே வி.எம்.எஸ். 82.

டி.எம்.எம். முறையில் லாக்கர் வட்டு இல்லை. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் மீது, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் செம்பு முலாம் ஏற்றப்படுகிறது. சூடேற்றப்படாத வைர ஊசி நேரடியாக அந்தச் செம்பில் தடத்தை வெட்டுகிறது. வெட்டியபின் செம்பு திரும்பி வருவதில்லை. ஊசி விட்ட இடத்தில் சுவர் அப்படியே நிற்கிறது. செம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் வெள்ளி தெளிக்கும் வேலையே இல்லை. அந்தத் தெளிப்பில் படியும் தூசும் குமிழும் உண்டாக்கும் சொடுக்கொலிகளுக்கும் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய செம்புத் தட்டே மதரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து ஸ்டாம்பரை நேரடியாக எடுக்கலாம். ஃபாதர், மதர் என்ற இரண்டு இடைநிலைப் பெயர்ப்புகள் நீங்கிவிடுகின்றன. அடுத்தடுத்த தடங்கள் ஒன்றையொன்று தள்ளாததால் அவற்றை நெருக்கமாக வெட்டலாம். ஒரு பக்கத்தில் 10 முதல் 15 விழுக்காடு வரை கூடுதல் நேரம் கிடைக்கும் என்று இதை அறிமுகப்படுத்தியவர்கள் கூறினர். குறைந்த இரைச்சல், முன்னெதிரொலி இன்மை, கூர்மையான உச்ச அதிர்வெண்கள், கூடுதல் நேரம் என்று காகிதத்தில் பார்த்தால் எதிர்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத முன்னேற்றம் இது.

காலம்தான் சரியாக அமையவில்லை. டி.எம்.எம். சந்தைக்கு வந்துகொண்டிருந்த அதே 1982இல், அக்டோபர் முதல் தேதி, ஜப்பானில் சோனியின் முதல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது. இசைத்தட்டு எனும் சாதனம் நூறாண்டு நெருங்கும் வயதில் தன் இயந்திரக்கலையின் உச்சத்தைத் தொட்ட அதே தருணத்தில், அதை அகற்றப்போகும் சாதனமும் கடைக்கு வந்தது. அந்தச் சூழலில் டி.எம்.எம். சின்னம் ஒரு விளம்பரக் கருவியாகவும் ஆனது. ‘சி.டி.க்கு இணையான அமைதி’ என்ற எதிர்பார்ப்பை அது வாங்குவோர் மனதில் உருவாக்கியது. இ.எம்.ஐ. குழுமத்தின் அபே ரோடு கூடமும் செம்பு வெட்டும் லேத்தை நிறுவியது; மேற்கத்திய செவ்வியல் இசைத்தட்டுகள் பல இம்முறையில் வெட்டப்பட்டன. அவற்றின் அமைதியான பகுதிகளைக் கேட்கும்போது, தட்டு சுழல்கிறதா என்று ஐயுறும் அளவுக்குப் பின்னணி நிசப்தமாக இருக்கும். தனிப் பியானோவும் தந்திக்குழுவின் மெல்லிய இழைகளும் இதனால் பெற்ற நன்மையை, எதிர்த்தரப்பினரும் பொதுவாக மறுப்பதில்லை.

அவர்கள் மறுத்தது வேறொன்றை. ஒலி ஆர்வலர்களின் குறை அளவுகருவியில் தெரியும் குறை அன்று. வயலினின் மேற்சுரங்கள் கண்ணாடித் துண்டுபோல் ஒலிக்கின்றன என்றார்கள். சிம்பல் ஒலி முன்னால் வந்து நிற்கிறது என்றார்கள். பாடகரின் மார்பு காணாமல் போய்த் தொண்டை மட்டும் மிஞ்சுகிறது என்றார்கள். இதற்கு அவர்கள் அடிக்கடி காட்டும் சான்று புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் மறுபதிப்புகள். 1980களின் நடுப்பகுதியில் பிரான்சின் பாத்தே மார்க்கோனியும் பின்னர் அமெரிக்காவில் மறுபிறப்பெடுத்த புளூ நோட்டும் பழைய ஒலிப்பதிவுகளை டி.எம்.எம். முறையில் மீண்டும் வெளியிட்டன. 1950, 60களின் மூலப்பதிப்புகளைப் பொக்கிஷமாகப் போற்றும் சேகரிப்பாளர்கள் இந்த மறுபதிப்புகளை ஏற்கவே இல்லை. இன்றும் இவை மலிவாகக் கிடைக்கின்றன.

இந்தச் சான்றை நான் நீண்ட காலம் யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. புளூ நோட்டின் மூலப்பதிப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டரே லாக்கரிலும் வெட்டினார். தட்டின் உள்விளிம்பில் அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். நாடாவில் இருந்ததை அவர் அப்படியே தட்டுக்கு மாற்றிவிடவில்லை. தம் காலத்து எளிய பிளேயர்களில் ஊசி துள்ளாமலும் ஒலி உயிரோடும் இருக்கவேண்டும் என்று கருதி, வெட்டும்போது ஒலியை அழுத்தியும் அதன் சமநிலையை மாற்றியும் அமைத்தார். சேகரிப்பாளர்களின் காதுக்குப் பழகிய ‘புளூ நோட் ஒலி’ என்பது அந்தக் கையின் ஒலி. இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நகரத்தில், வேறொரு பொறியாளர், வயதான நாடாவையோ அதன் பிரதியையோ வைத்துக்கொண்டு, வேறு ரசனையில் செய்த மாஸ்டரிங்கை, அதாவது வெட்டுவதற்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைக்கும் வேலையை, அதனோடு ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதையும் செம்பின் கணக்கில் எழுதுவது எவ்வகையில் நியாயம்? அங்கே மாறியவை பல. செம்பு அவற்றில் ஒன்று மட்டுமே. சின்னமாக உறையில் அச்சிடப்பட்டிருந்தது அது ஒன்றுதான் என்பதால் பழி அதன்மேல் விழுந்தது.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. லாக்கர் உச்ச அதிர்வெண்களைச் சிறிது விழுங்கும் என்பது அதை வெட்டிப் பழகிய கைகளுக்குத் தெரியும். அந்த இழப்பை எதிர்பார்த்து, வெட்டும்போதே மேற்பகுதியைச் சற்று உயர்த்தி வைப்பது பலரின் வழக்கம். இருபது ஆண்டுகள் லாக்கரில் வேலை செய்த ஒருவர் செம்புக்கு மாறும்போது, அந்தப் பழக்கம் கையோடு வருகிறது. லாக்கரில் கரைந்துபோயிருக்க வேண்டிய அந்த உயர்வு செம்பில் கரையாமல் நிற்கிறது. கேட்பவருக்கு அது மிகையாகத் தெரிகிறது. செம்பு இங்கே எதையும் சேர்க்கவில்லை, கொடுத்ததை வைத்துக்கொண்டது. கேட்பவர் பக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. தட்டின் தடத்தை ஊசியால் படித்து மின்சைகையாக மாற்றும் உறுப்பு கார்ட்ரிட்ஜ்; அக்காலத்தின் விலையுயர்ந்த ‘மூவிங் காயில்’ வகைக் கார்ட்ரிட்ஜுகள் பலவற்றில் உச்ச அதிர்வெண்கள் இயல்பாகவே மேலெழும். லாக்கரில் வெட்டிய தட்டின் மழுங்கலும் அந்தக் கார்ட்ரிட்ஜின் கூர்மையும் ஒன்றையொன்று சமன்செய்து வந்தன. டி.எம்.எம். தட்டு வந்ததும் அந்தச் சமன்பாடு குலைந்தது. நல்ல கருவி வைத்திருந்தவர்களே அதிகம் புண்பட்டார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கக்கூடும்.

அதற்கும் மேலே, 1980களின் ஒலிப்பதிவுகள் பலவும் டிஜிட்டல். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவுசெய்த தொடக்ககாலக் கருவிகளின் மேற்சுரங்கள் கரடுமுரடானவை என்ற புகார் சி.டி.க்கு எதிராகவும் எழுந்ததை நாம் அறிவோம். அதே நாடாக்களைச் செம்பில் வெட்டினால் அந்தக் கரடுமுரடும் சேர்ந்து வரத்தான் செய்யும். அனலாக் நாடாவிலிருந்து வெட்டிய தட்டுகளும் இதற்கு முழு விலக்கு அல்ல. லேத்தின் கணினி, வரப்போகும் ஒலியின் வலிமையை ஏறக்குறைய அரைச் சுற்றுக்கு முன்பே அறிந்தால்தான் தடங்களுக்கிடையே எவ்வளவு இடம் விடுவது என்று முடிவு செய்ய முடியும். பழைய முறையில் நாடா இயந்திரத்திலேயே இதற்கென முன்னோட்டத் தலை ஒன்று தனியாக இருந்தது. 1970களின் இறுதியிலிருந்து பல கூடங்கள் அதைக் கைவிட்டு, டிஜிட்டல் தாமதக் கருவியைப் பொருத்தின. நாடாவின் ஒலி கணினிக்கு நேராகப் போகும். வெட்டும் தலைக்குப் போகும் ஒலியோ டிஜிட்டலாக மாற்றப்பட்டு, சற்றுக் காத்திருந்து, மீண்டும் அனலாக்காக மாற்றப்பட்டுப் போகும். அதாவது, உறையில் எந்தக் குறிப்பும் இல்லாமலேயே, தட்டில் வெட்டப்பட்ட இசை முழுவதும் அக்காலத்து மாற்றுக் கருவிகளின் வழியே போய்வந்தது. லாக்கர் தட்டுகளிலும் இது நடந்தது, டி.எம்.எம். தட்டுகளிலும் நடந்தது. ஆனால் சின்னம் ஒன்றுக்குத்தான் இருந்தது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன். அவற்றை ஒதுக்கித் தள்ளுவது சரியல்ல. முதலாவது, செம்புப் படலத்தின் கனம். ஆழமாக வெட்ட அதில் இடமில்லை. இடது, வலது பக்கங்களில் எதிரெதிராக வரும் கனத்த தாழ்சுர ஒலிகள் ஊசியை மேலும் கீழுமாக ஆட்டுபவை. அவற்றை லாக்கரில் வெட்டும் தாராளத்தோடு செம்பில் வெட்ட முடியாது. நடனக்கூடங்களுக்காக உரத்த 12 அங்குலத் தட்டு வெட்டுவோர் லாக்கரையே நாடுவதில் நியாயமுண்டு. டி.எம்.எம். ஒலி ‘மெலிந்தது’ என்று சொல்பவர்கள் சில வேளைகளில் இந்த எல்லையைத்தான் கேட்கிறார்கள். இரண்டாவது, ஊசியின் கோணம். உலோகத்தை வெட்டும் ஊசி லாக்கரை வெட்டும் ஊசியின் சாய்வில் நிற்க முடியாது. வீட்டிலுள்ள கார்ட்ரிட்ஜோ பழைய கோணத்தையே எதிர்பார்க்கிறது. அந்த வேறுபாட்டை நாய்மன் பொறியாளர்கள் மின்னணுச் சுற்றின் மூலம் ஈடுசெய்தனர். இசை செல்லும் பாதையில் மேலும் ஒரு சுற்றைச் சேர்ப்பதை இலட்சியவாதிகள் விரும்பாததில் வியப்பில்லை. அந்த ஈடுசெய்தல் கோணப் பிழையை முற்றிலும் நீக்கிவிட்டது என்று நானும் உறுதி கூற மாட்டேன்.

மூன்றாவது காரணம் நிறுவனங்களின் பேராசை. இதை நான் தொழில்நுட்பத்தின் குறையாகக் கருதவில்லை, ஆனால் கேட்பவருக்கு விளைவு ஒன்றுதான். கூடுதல் இடம் கிடைத்தபோது அதை ஒலியின் வலிமைக்குச் செலவிடலாம். அல்லது ஒரே தட்டில் அதிகப் பாடல்களை அடைக்கலாம். பலர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஒரு பக்கத்தில் 30 நிமிடம் அடைக்கப்பட்ட தட்டு, எந்த முறையில் வெட்டப்பட்டாலும், தாழ்ந்த ஒலியோடும் குன்றிய தாழ்சுரத்தோடும்தான் வரும். அத்தகைய தட்டின் உறையிலும் அதே மூன்றெழுத்துச் சின்னம் பெருமையோடு நின்றது.

உண்மையான தீர்ப்புக்கு ஒரே நாடா, ஒரே பொறியாளர், ஒரே சமநிலை அமைப்பு, ஒரு முறை லாக்கரிலும் ஒரு முறை செம்பிலும் வெட்டப்பட்ட இரு தட்டுகள், ஒரே ஆலையின் அச்சு என்ற நிபந்தனைகள் தேவை. வணிகத்தில் இப்படி இரு பதிப்புகளை வெளியிட எந்த நிறுவனத்துக்கும் காரணமில்லை; ஆகவே சாதாரண வாடிக்கையாளர் கையில் இந்தச் சோதனை கிடைப்பதேயில்லை. ஆனால் செம்பின் ஒலியைத் தனியே கேட்க வேறொரு வழியை ஜெர்மனியின் ஸ்டாக்ஃபிஷ் நிறுவனம் உண்டாக்கித் தந்திருக்கிறது. வடக்கு ஜெர்மனியில் நார்ட்ஹைம் நகரில் குந்தர் பவுலர் நடத்தும் சிறிய நிறுவனம் அது, சொந்தமாக டி.எம்.எம். லேத் வைத்திருக்கிறது. வெட்டிய செம்புத் தட்டு நேர்ப்படிவம் என்பதால் அதன்மேல் கார்ட்ரிட்ஜை வைத்து நேரடியாக இசைக்கலாம். லாக்கரைப் போல அது ஒரே ஓட்டத்தில் தேய்ந்துவிடாது. அவர்கள் அவ்வாறு செம்பை இசைத்து, அந்த ஒலியையே சி.டி.யைவிட உயர்தரமான எஸ்.ஏ.சி.டி. வட்டுகளில் பதிந்து வெளியிட்டார்கள். முலாம் ஏற்றுதல், ஸ்டாம்பர், வினைலின் இரைச்சல் ஆகிய மூன்றும் இல்லாமல், வெட்டும் நிலையில் செம்பு இசைக்கு என்ன செய்கிறது என்பதை மட்டும் கேட்க இது வழிசெய்கிறது. நான் கேட்டவரை அந்தப் பதிவுகளில் கண்ணாடிக் கூர்மை இல்லை. கிதார் தந்தியில் விரல் வழுக்கும் ஒலி, பாடகி மூச்சிழுக்கும் ஒலி, அறையின் வெறுமை ஆகியன அனைத்தும் அமைதியாக, வலியுறுத்தல் இன்றி இருக்கின்றன. செம்பு இயல்பிலேயே ஒலியைக் கடுமையாக்கும் என்றால் அந்தக் கடுமை இங்கேதான் மிக அப்பட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்.பி. சந்தை சரிந்தபோது டி.எம்.எம். அதனோடு சரிந்தது. லேத்துகள் செய்வதையே நாய்மன் நிறுத்தியது. 1991இல் அந்த நிறுவனம் சென்ஹைசரின் கைக்குப் போனது. அமெரிக்காவில் இம்முறைக்குப் பெயர்பெற்ற நியூயார்க்கின் யூரோபாடிஸ்க் 2005இல் மூடப்பட்டது. அதன் செம்பு வெட்டும் லேத்தை வாங்கியது எந்த இசை நிறுவனமும் அன்று, சயின்டாலஜி என்ற மத அமைப்பு. அதன்பின் வணிக நோக்கில் இயங்கும் டி.எம்.எம். கூடங்கள் ஐரோப்பாவில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே எஞ்சின. ஜெர்மனியின் பல்லாஸ், செக் நாட்டில் லோதெனிட்சே ஊரிலுள்ள ஜி.இசட். மீடியா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இந்த ஜி.இசட். மீடியா, வினைல் மறுமலர்ச்சிக்குப் பின் உலகின் மிகப் பெரிய இசைத்தட்டு ஆலையாக வளர்ந்தது. பெரிய நிறுவனங்கள் முதல் தாமே தட்டு வெளியிடும் இளம் குழுக்கள் வரை எண்ணற்றோர் அங்கே ஒலிக்கோப்புகளை அனுப்பித் தட்டைப் பெறுகிறார்கள். அங்கே வெட்டப்படுபவற்றில் பெரும்பகுதி செம்பில் வெட்டப்படுகிறது. உறைகளில் டி.எம்.எம். சின்னம் இருப்பதோ அரிது. ‘டி.எம்.எம். எனக்கு ஆகாது’ என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர், கடந்த பதினைந்து ஆண்டுகளில் வாங்கிய புதிய தட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தால், அவர் விரும்பிக் கேட்கும் சில தட்டுகளாவது செம்பில் பிறந்தவையாக இருக்கும். சின்னம் இல்லாததால் குறையும் கேட்கவில்லை. ஒலி ஆர்வலர்களை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், அவர்களுடைய காதுகளின் நுண்மையை மதிப்பவன். காது சொல்வதற்கு முன்பே உறை சொல்லிவிடுகிறது, அந்த முன்னறிவிப்பு எல்லோரையும் ஆட்கொள்கிறது என்பதே என் கவலை. 2022 ஜூலையில் கலிஃபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், தூய அனலாக் என்று வாங்கியோர் நம்பியிருந்த தன் உயர்விலைத் தட்டுகள் பலவற்றில் 2011 முதலே டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் படிநிலை இருந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது, இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். அந்தத் தட்டுகளின் அனலாக் மென்மையைப் புகழ்ந்து ஆண்டுக்கணக்கில் எழுதியவர்கள் பலர். வாங்கியோர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததும் வழக்குத் தொடுத்ததும் நியாயமே. என்ன வாங்குகிறோம் என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன என்பதும் அதனால் பொய்யாகிவிடவில்லை.

செம்பைப் பற்றிய பேச்சு மறுபடி தீவிரமானது 2020இல். பிப்ரவரி 6ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை தீயில் அழிந்தது. நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பற்றும் பொருள். வெட்டுவதற்கான வெற்று லாக்கர் வட்டுகளை உலகுக்கு வழங்கிவந்த ஆலைகள் அப்போது இரண்டே. எஞ்சியது ஜப்பானின் நகானோ மாகாணத்திலுள்ள எம்.டி.சி. என்ற சிறிய நிறுவனம் மட்டும். உலகின் லாக்கர் வெட்டும் கூடங்கள் அனைத்தும் ஒரே ஓர் ஆலையின் கையிருப்பை நம்பி நின்ற அந்த மாதங்களில், நாற்பதாண்டுகளாகத் தாழ்வாகப் பேசப்பட்ட முறையை வைத்திருந்த ஐரோப்பியக் கூடங்கள் எந்தத் தட்டுப்பாடும் இன்றி வேலை செய்தன. செம்பு முலாம் பூசிய வட்டை ஆலையே தனக்குத் தயாரித்துக்கொள்ள முடியும். எனினும் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வட்டு தீராது, லேத் தீரும். வி.எம்.எஸ். 82 லேத்தை இன்று யாரும் புதிதாகச் செய்வதில்லை. இருக்கும் இயந்திரங்களை, அவற்றின் உதிரிபாகங்களையும் வெட்டும் தலைகளையும் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு சிலரே காப்பாற்றி வருகிறார்கள்.

பழைய தட்டு வாங்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது, கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியை. அங்கே வெட்டியவரின் பெயரோ முதலெழுத்துகளோ கூடத்தின் அடையாளமோ பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்துப் பார்ப்பது, ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை. 22 நிமிடத்துக்குள் அமைந்த, திறமையான கை வெட்டிய டி.எம்.எம். தட்டை நான் தயங்காமல் எடுத்துக்கொள்கிறேன். குறிப்பாகத் தனிக்கருவி இசை, சிறுகுழு இசை, ஆதிகால ஐரோப்பிய இசை ஆகியவற்றுக்கு அதையே தேடுகிறேன். புளூ நோட்டின் அந்த மறுபதிப்புகளிலும் எல்லாம் ஒரே தரம் அல்ல. ஒவ்வொன்றாகக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். புதிய தட்டு வெளியிடும் நிறுவனங்களிடம் நான் கேட்பது மூன்று தகவல்களை மட்டும்: எந்த மூலத்திலிருந்து, யார், எதில் வெட்டினார். ஓர் உறையின் பின்பக்கத்தில் ஒற்றை வரியில் அடங்கும் செய்தி இது. சில சிறிய நிறுவனங்கள் இதை ஏற்கெனவே அச்சிடுகின்றன. பெரிய நிறுவனங்கள் செய்வதற்கும் எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.